மாண்புமிகு வாடிக்கையாளர்

டொக். டொக். டொக்.

முதலில் சத்தம் மட்டும்தான் இருந்தது. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஜூலைக் காலை. சாலை, வயல், மின்கம்பம் எல்லாவற்றையும் மூடுபனி ஒரே வாயில் விழுங்கியிருந்தது. லவோன் ஹாவர்காம்ப் தன் வீட்டின் கொசுவலை அடித்த முன்கூடத்தில் காபியோடு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மரங்கொத்தி என்று நினைத்தாள். ஆனால் மரங்கொத்தி தன் விரலிலேயே அடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லாது.

பனி விலகியபோது, சாலைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் தரையில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தான். குச்சிக்குக் குச்சி இளஞ்சிவப்பு நாடா.

"யாருப்பா அது?"

"நிலம் அளக்கிறவன்மா."

"என்ன வருது?"

"பன்னிக் கொட்டகை. ரெண்டு. ஒண்ணொண்ணுலயும் ரெண்டாயிரத்து நானூறு."

"எங்க வருது?"

அவன் தன் காலடியைப் பார்த்தான். பிறகு லவோனின் முன்கூடத்தைப் பார்த்தான். பிறகு நாகரிகம் கருதி வானத்தைப் பார்த்தான். "சட்டத்துல சொன்ன தூரத்துக்கு மூணடி கூடவே விட்டிருக்கோம்மா," என்றான்.

அந்த முன்கூடத்துக்காக லவோன் முப்பத்து மூன்று வருடம் காத்திருந்தாள். கல்யாணமான வருடம் அவள் கணவன் டெல்மர் வாக்குக் கொடுத்தான். அடுத்த வருடம் அறுவடை இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கடுத்து தானியக் குதிர். பிறகு வெள்ளம், பிறகு வறட்சி, பிறகு இன்னும் பெரிய அறுவடை இயந்திரம். போன இலையுதிர் காலத்தில்தான் கட்டி முடித்தான். தெற்குப் பார்த்துக் கட்டினான். எங்கள் அயோவா மாநிலத்தில் கோடைக் காற்று தெற்கிலிருந்துதான் வரும். வழியில் எது இருக்கிறதோ அதையும் கூட்டிக்கொண்டு வரும்.

அவள் உள்ளே போனாள். டெல்மர் முட்டை தின்றுகொண்டிருந்தான்.

"டெல்மர், எதிர்ல பன்னிக் கொட்டகை வருது."

"இருக்காதே."

"வந்துச்சுன்னா நான் ஒட்டம்வாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். கோவத்துல சொல்றேன்னு நெனைக்காத. காபிய முழுசா குடிச்சிட்டு நிதானமாத்தான் சொல்றேன்."

லவோன் நிதானமாகச் சொன்ன எதையும் மாற்றிக்கொண்டதாக எங்கள் ஊரில் வரலாறு இல்லை. டெல்மர் முட்டையைப் பாதியில் விட்டான்.

இந்த இடத்தில் டெல்மர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் எங்கள் ஹேல்பெர்க் மாவட்டச் சோயா விவசாயிகள் மன்றத்தின் தலைவன். பதினொரு வருடமாகத் தலைவன். நான் அந்த மன்றத்தின் குறிப்பெழுத்தாளன். நடந்ததை நடந்தபடி எழுதுவது என் கடமை. எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பது என் சுதந்திரம்.

எங்கள் மன்றத்தின் நோக்கம் உன்னதமானது. நாங்கள் சோயாவைத் தானியக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டும்போதே, சட்டப்படி ஒரு சிறு பங்கு பிடித்துக்கொள்ளப்படும். அந்தப் பங்கு சோயாவுக்குக் கிராக்கி உண்டாக்கும் பணிக்குப் போகிறது. சோயாவை யார் தின்கிறார்கள்? பன்றி. பன்றியை யார் தின்கிறார்கள்? நாங்களும் தின்கிறோம், ஆனால் போதாது. ஆகவே எங்கள் பங்கைக் கொண்டு, கடல் கடந்த தேசங்களின் கடைகளில், பல்குத்தும் குச்சியில் சிறு துண்டு பன்றி இறைச்சியைக் குத்தி, வழியில் போகிற அம்மாளிடம் நீட்டுகிறார்கள். அந்த அம்மாள் தின்று, பிடித்துப்போய், ஒரு பொட்டலம் வாங்கினால், இங்கே ஒரு பன்றி கூடும். அந்தப் பன்றி எங்கள் சோயாவைத் தின்னும். இது பொருளாதாரம். புரியாதவர்களுக்கு நாலு வண்ணத்தில் விளக்கப்படம் உண்டு.

இந்த விளக்கப்படத்தை டெல்மரைப் போல் யாராலும் விளக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு, அதே கண்ணீர்.

"இந்த ரூம்ல யாராவது, வாழ்க்கையில ஒரே ஒரு தடவையாவது, நாம விளைவிக்கிற சோயாவைத் தின்னிருக்கீங்களா?"

"நான் தின்னிருக்கேன்," என்பான் வெண்டல் கிராபி. அவன் மன்றத்தில் கடைசி வரிசைக்காரன். வாய்க்கு வரி இல்லாதவன். "பந்தயத்துல தோத்துட்டு."

"பாத்தீங்களா! நாம தின்னல. நம்ம பிள்ளைங்க தின்னல. பன்னி தின்னுது. காலையும் தின்னுது, ராத்திரியும் தின்னுது, ஒரு நாளும் உப்பு கம்மின்னு சொன்னதில்ல. அப்ப யாரு நம்ம வாடிக்கையாளர்?"

"பன்னி!" என்போம் நாங்கள் நாற்பத்தோரு பேரும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

போன வருடம் மாநில மன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் ஆவணங்களில் 'பன்றி' என்ற கொச்சைச் சொல் வேண்டாம், 'வாடிக்கையாளர்' என்றே குறிப்பிட வேண்டும் என்று. கொட்டகை, 'வாடிக்கையாளர் குடியிருப்பு' ஆனது. சாணக்குழி, 'ஊட்டச்சத்துச் சேமிப்பகம்' ஆனது. கசாப்புக்குப் போவதற்கு மட்டும் மூன்று மாதம் யோசித்து 'பணி நிறைவு' என்று வைத்தார்கள். நாற்றத்துக்குச் சொல் கிடைக்காமல் எங்களிடம் கேட்டார்கள். டெல்மர்தான் கொடுத்தான். 'அது நாற்றமல்ல, வருமானம்.' அந்த வரியைப் போட்டு, டெல்மர் நெஞ்சை நிமிர்த்திக் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுக்கும் படத்தையும் போட்டு, மாநிலம் முழுக்க ஒரு துண்டுப் பிரசுரம் போனது.

அந்த மூச்சை அவன் இழுத்தது தன் டிராக்டர் கொட்டகை முன்னால். அன்றைக்கு வடக்குக் காற்று வேறு.

ஆக, முளைக்குச்சி அடித்த அன்று மத்தியானமே டெல்மர் என்னையும் கூட்டிக்கொண்டு மாநில மன்றத்தின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே வாடிக்கையாளர் உறவு இயக்குநர் ட்ரென்ட் வாஸ்பெர்க் எங்களை வரவேற்றான். இருபத்தொன்பது வயது. சட்டைக்கு மேல் கையில்லாத கம்பளி மேலாடை. அந்த வருடம் தலைநகரில் அதிகாரம் உள்ள எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். கைகள் வேலைக்குத் தயாராக இருப்பதை அது காட்டுமாம். வெளியே வெயில் கொளுத்தியது. மேலாடையைக் கழற்றாமல் இருப்பதற்காக உள்ளே குளிரூட்டி முழுவேகத்தில் ஓடியது. டெல்மருக்கும் எனக்கும் பல் கிட்டியது.

"வாழ்த்துகள், டெல்மர்!" என்றான் ட்ரென்ட்.

"எதுக்குத் தம்பி?"

"வாடிக்கையாளர் உங்களைத் தேடி வர்றாரு! எந்தக் கடைக்காரருக்காவது இந்தப் பாக்கியம் கிடைக்குமா? வாடிக்கையாளர் கடை வாசல்லயே குடிவர்றாரு!"

"அந்த வாசல் என் வீட்டு வாசல்."

"அதான் சொல்றேன்!"

டெல்மர் தொண்டையைச் செருமினான். "அந்த எடம் சரியில்ல தம்பி. கிணறு கிட்ட இருக்கு. ஓடை கிட்ட இருக்கு. கோடைக் காத்து நேரா வீட்டுக்குள்ள வருது."

"உண்மைதான்," என்றான் ட்ரென்ட் உற்சாகமாக. "ரொம்ப மோசமான எடம். பாருங்க." கணினித் திரையைத் திருப்பினான். "மொத்தம் எண்ணூறு மதிப்பெண். நானூறு எடுத்தாத்தான் அனுமதி. உங்க எதிர் நிலம் எடுத்தது முந்நூத்திப் பத்து."

"அப்ப ஃபெயிலு."

"ஃபெயிலுதான். ஆனா பதினேழாவது கேள்வி ஒண்ணு இருக்கு. 'அண்டை வீட்டாரின் அன்பு.' அதுக்கு முழுசா நூறு கெடைச்சிருக்கு. நானூத்திப் பத்து. பாஸ்!"

"யாரோட அன்பு?"

ட்ரென்ட் ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் டெல்மர் கண்ணை மூடி மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே ஒரு உறுதிமொழி: 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், கால்நடைகளை என் அண்டை வீட்டாராக மனமுவந்து வரவேற்கிறேன்.' அதற்கும் கீழே கையொப்பம்.

எனக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், மன்றத்தின் ஆண்டு விருந்து. உறுதிமொழிப் படிவங்கள் நாற்பத்திரண்டு வந்திருந்தன. எல்லோரும் பேனாவைக் கையில் பிடித்தபடி, "தலைவர் நீதான், மொதல்ல நீ போடு டெல்மர்," என்றோம். அவன் போட்டான். நாங்கள் போடப்போகும் நேரத்தில் ஐஸ்க்ரீம் வந்துவிட்டது. இது குறிப்பில் இருக்கிறது.

"அப்ப மாவட்டத்துல வேற யார் வீட்டுக்கும் இந்த நூறு..."

"கெடையாது. மாவட்டம் முழுக்கத் தேடினோம். அன்பு உள்ள ஒரே வீடு உங்களுதுதான். அதனாலதான் குடியிருப்பு கட்டற கம்பெனி அங்க நிலத்தையே வாங்கினாங்க."

டெல்மர் திரையில் இருந்த தன் கையொப்பத்தைப் பார்த்தான். பிறகு, "அதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான்.

"எதை?"

"அன்பைத்தான்."

ட்ரென்ட் உண்மையான அக்கறையோடு திரையில் தேடினான். மேலே போனான், கீழே போனான். "அன்பைக் கூட்டறதுக்கு ஒரு கட்டம் இருக்கு. குறைக்கறதுக்குக் கட்டம் இல்ல. பதிவு பண்ணின அன்பு பத்து வருஷத்துக்குச் செல்லும், டெல்மர்."

"அந்தப் படமே பொய் தம்பி. நான் மூச்சு இழுத்தது என் டிராக்டர் கொட்டகை முன்னாடி."

"காத்து படத்துல தெரியாது."

"என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போயிடுவேங்கறா."

ட்ரென்டின் முகம் கனிந்தது. அதையும் குறித்துக்கொண்டான். தட்டினான். திரை யோசித்தது. "அடடே," என்றான். "வீட்ல ஒருத்தர் குறைஞ்சா, பாதிக்கப்படறவங்க எண்ணிக்கை பாதியாயிடுது. இன்னும் பத்து மதிப்பெண். நானூத்தி இருபது!"

நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தான். எல்லாவற்றுக்கும் வழி உண்டு என்றான். மாவட்டத்தின் கால்நடை நல்லுறவுக் குழு, பெரும்பான்மைக் கையுயர்த்தலில் ஆட்சேபம் தெரிவித்தால், இடம் மறுபரிசீலிக்கப்படும். அதற்கு முதலில் குழுத் தலைவருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"தலைவர் யாரு?" என்று கேட்டேன் நான், பதில் தெரிந்தே. அந்தக் குழுவும் எங்கள் மன்றமேதான்.

டெல்மர் அன்றிரவே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினான். விதிப்படி பதிவுத் தபாலில் அனுப்பினான். வியாழக்கிழமை தபால்காரர் அதைக் கொண்டுவந்து அவனிடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். பதிலை லவோன்தான் மேசையில் பார்த்தாள்.

"யாரு எழுதினது இது?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"என்ன எழுதியிருக்க?"

"தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது, ஆவன செய்யப்படும்னு."

"கடுதாசியில பரவாயில்ல, மரியாதையாத்தான் பேசறான்," என்றாள் லவோன். "நேர்ல என்ன பண்றான்னு பாப்போம்." பிறகு கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க டெல்மர் வீடு வீடாகப் போனான். நாற்பத்தோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பிக்கப் வண்டியின் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, முதலில் மழையைப் பற்றி, பிறகு மக்காச்சோள விலையைப் பற்றி, பிறகு யாருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சையைப் பற்றியோ பேசி, கடைசியில் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் உதவி கேட்பதற்கு வேறு முறை கிடையாது.

"சனிக்கிழம கையைத் தூக்கிடு. அவ்வளவுதான்."

"இதெல்லாம் கேக்கணுமா டெல்மர்?" என்றோம் எல்லோரும். மனதாரத்தான் சொன்னோம். வெண்டல் மட்டும், "ரெண்டு கையையும் தூக்கறேன்யா. யாரோ துப்பாக்கி காட்டறாங்கன்னு நெனைக்கட்டும்," என்றான்.

சனிக்கிழமை, கண்காட்சித் திடலின் கூடத்தில் வாடிக்கையாளர் பாராட்டு விருந்து. வருடத்துக்கு ஒருமுறை தானியக் கிடங்குக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் ஊர் வழக்கம். வாடிக்கையாளர் என்றால் நாங்கள்தான். வருவோம், தின்போம், ஓசித் தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு போவோம். ட்ரென்ட் இந்த வருடம் இதை ஆழமாகச் சிந்தித்திருந்தான். பாராட்டு விருந்தென்றால், பாராட்டப்படுபவர் மேசையில் இருக்க வேண்டாமா?

இருந்தார். தலைமை மேசைக்கு வலப்புறம், வைக்கோல் பரப்பிய சின்னப் பட்டியில், கழுத்தில் நீல நாடாவோடு, சுமார் நூற்றிருபது கிலோ எடையில், இவ்வாண்டின் சிறந்த வாடிக்கையாளர் படுத்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு தொட்டியில் சோயாப் புண்ணாக்கு. எங்களுக்கு முன்னால், வேதாகமத்தின் தடிமனில், கரியில் வாட்டிய பன்றித் துண்டு, இனிப்புச் சோளம், பாலாடையில் வேகவைத்த உருளைக்கிழங்கு.

போதகர் ஜெபம் செய்ய எழுந்தார். "கர்த்தாவே, இங்கே கூடியிருக்கும் எங்கள் அனைவரையும்," என்று ஆரம்பித்தவர், பட்டியைப் பார்த்ததும் நின்றார். "மற்றும், எங்கள் மேசையில் வைக்கப்பட்டுள்ள..." என்றார். மறுபடியும் பார்த்தார். விருந்தினரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. வாடிக்கையாளரும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "ஆமென்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எங்கள் வாழ்நாளில் கேட்ட மிகச் சுருக்கமான ஜெபம் அதுதான். ஒருவரும் குறை சொல்லவில்லை. சோளம் சூடாக இருந்தது.

ட்ரென்ட் ஒலிபெருக்கியைப் பிடித்தான். வாடிக்கையாளர் மனநிறைவு ஆய்வின் முடிவுகளை வாசித்தான். ஆய்வுக்குட்பட்ட பன்னிரண்டாயிரம் வாடிக்கையாளர்களும் தட்டைக் காலி செய்திருக்கிறார்கள். பணி நிறைவுக்குப் பிறகு புகாரோடு திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

"திரும்பி வந்தவர் எத்தன பேருன்னு கேளு," என்றான் வெண்டல் என் காதில், வாய் நிறையக் கறியோடு.

அப்புறம் ட்ரென்ட் டெல்மரை மேடைக்கு அழைத்தான். எங்களுக்கெல்லாம் முதுகு நிமிர்ந்தது. லவோன் கடைசி மேசையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆனால் முதலில் விருது. எதிர்பாராத விருது. கனமான வால்நட் மரப் பலகை. அதில் பித்தளைத் தகடு. தகட்டில் கண்ணை மூடி மூச்சிழுக்கும் டெல்மரின் உருவம். அதன் கீழே 'வாடிக்கையாளரின் உற்ற நண்பர்'. ட்ரென்ட் கொடுத்தான். டெல்மர் வாங்கினான். ஒரு கையில் பிடிக்க முடியாத எடை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கைதட்டினோம். நல்ல மனிதனுக்குக் கைதட்டாமல் இருக்க முடியுமா?

"இப்போ ஒரு சின்ன சம்பிரதாயம்," என்றான் ட்ரென்ட். "நம்ம தலைவர், நம்ம தலைவருக்கே ஒரு விண்ணப்பம் குடுத்திருக்காரு."

டெல்மர் ஒலிபெருக்கிக்குக் குனிந்தான். பதினொரு வருடப் பேச்சுக்காரன். 

"எதிர்ல கொட்டகை வருது," என்றான். "எனக்கு... எங்களுக்கு வேணாம். லவோன் தெற்குப் பாத்து உக்காந்து காபி குடிப்பா. அவ்வளவுதான். நீங்க கையைத் தூக்கினீங்கன்னா நின்னுடும்."

கூடத்தில் எல்லோரும் மெல்வதை நிறுத்தினோம். வாடிக்கையாளர் மட்டும் மென்றார். என் கை மேசையை விட்டுக் கிளம்பியே விட்டது. வெண்டலின் இரண்டு கையும் தோள்வரை வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றான் ட்ரென்ட். "விதியை வாசிச்சிடறேன்." வாசித்தான். 'ஆட்சேபம் வெறும் ஆட்சேபமாக இருத்தலாகாது. ஆக்கபூர்வமாக இருத்தல் வேண்டும். ஆகவே, கையுயர்த்தும் ஒவ்வொரு உறுப்பினரும், தம் சொந்த இல்லத்திலிருந்து இரண்டு மைலுக்குள், பொருத்தமானதொரு மாற்று இடத்தை முன்மொழிந்தவராகக் கருதப்படுவார்.' மடித்து வைத்தான். "உயர்த்தலாம்."

இதை எழுதும்போதும் நான் நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன். என் கை கிளம்பியது. வழியில் உப்பு டப்பா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. வெண்டல் தூக்கிய இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சோம்பல் முறித்தான். ஒருவன் தொப்பியைச் சரிசெய்தான். ஒருவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். அவன் போட்டிருந்தது நாடா இல்லாத பூட்ஸ். நாற்பத்தோரு பேரும் அன்றைக்கு எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தோம் என்றால், ஒருவர் கையும் சும்மா இல்லை.

ஒரே ஒரு கை உயர்ந்தது. கடைசி மேசையிலிருந்து.

"திருமதி ஹாவர்காம்ப்," என்றான் ட்ரென்ட், "நீங்க உறுப்பினர் இல்லியே."

"மாத்து எடம் கேட்டியே, சொல்றேன். தலைநகர்ல உங்க ஆபீசு. உள்ள குளுகுளுன்னு இருக்காமே. நாலாயிரத்து எண்ணூறும் சுகமா படுத்துக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ட்ரென்டும் சிரித்தான், சிரித்துவிட்டு அதைப் பரிசீலித்தான். "எங்க அலுவலக வளாகத்துல பிராணிகளுக்கு அனுமதியில்ல, மேடம். சுகாதாரக் காரணம்."

அவள் கையை இறக்கவில்லை. மேடையைப் பார்த்தாள். டெல்மரும் உறுப்பினன்தான். தலைவனும் கை உயர்த்தலாம்; விதியில் தடையில்லை. அவனுக்கு மாற்று இடம் சொல்ல வேண்டிய கவலையும் இல்லை. அவன் வீட்டுக்கு முன்னால்தான் ஏற்கெனவே வருகிறதே. டெல்மர் அவளைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதைக் கீழே வைக்க மேடையில் ஒரு மேசையும் இருந்தது. மரியாதையாகக் கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னால் கீழே வைப்பது எப்படி என்று யோசித்தான் போலிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள், "ஆட்சேபம் இல்லை," என்று ட்ரென்ட் சொல்லிவிட்டான். நான் எழுதிக்கொண்டேன்.

லவோன் கையை இறக்கினாள். முட்கரண்டியை எடுத்து, மீதியிருந்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தாள்.

விருந்து முடிந்தது. வாடிக்கையாளரை வண்டியில் ஏற்றினார்கள். அவருக்குத் திங்கட்கிழமை பணி நிறைவு. பெண்கள் பாத்திரம் கழுவப் போனார்கள். நாங்கள் மடக்கு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தோம். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டம் முடிந்தாலும், கல்யாணமோ சாவோ, ஆண்கள் யாரும் சொல்லாமலே நாற்காலி மடக்குவார்கள். அன்றைக்கு இன்னும் வேகமாக மடக்கினோம். டெல்மரும் பலகையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டான்.  வெண்டல் மட்டும், "நல்ல மரம்யா அது. வால்நட்டு," என்றான்.

லவோன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் நடுவில் நின்றாள். கோபமான முகம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த சனிக்கிழம என் சாமானையெல்லாம் ஒட்டம்வாவுக்குக் கொண்டு போகணும்," என்றாள். "அலமாரி, கட்டில், அம்மாவோட பியானோ. பிக்கப் வண்டி வச்சிருக்கிறவங்க யாராவது ஒத்தாசைக்கு வர முடியுமா?"

கைகள் உயர்ந்தன. அவள் கேட்டு முடிப்பதற்குள் உயர்ந்தன. என் கை, வெண்டலின் கை, பூட்ஸ்காரனின் கை, பாத்திர அறை வாசலில் நின்ற போதகரின் கை. நாற்பத்தோரு பேரில் ஒருவர் தவறவில்லை. "நான் டிரெயிலரும் கொண்டாறேன், லவோன்!" "பியானோவுக்கு எங்கிட்ட கயிறு இருக்கு!" "காலையில ஆறு மணிக்கே வந்துடவா?" ட்ரென்ட்கூடத் தூக்கினான், கையில்லாத மேலாடை என்பதால் சுலபமாகத் தூக்கினான். அயோவாக்காரனிடம் வீடு மாற்ற உதவி கேட்டு இல்லை என்ற பதிலை வாங்கியவர் எவரும் கிடையாது. எங்களுக்கே எங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சுவரோரமாக இன்னொரு கையும் உயர்ந்திருந்தது. பழக்கதோஷம். டெல்மரிடமும் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது.

லவோன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தன பேர் வேணாம்," என்றாள். "நாலு பேர் போதும்."

அவள் பாத்திரம் கழுவத் திரும்பிப் போனாள். நாங்கள் கைகளை இறக்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தோம்.